73ஐப் பிடித்து வையுங்கள், 66ஐப் பிறகு பார்க்கலாம்

யாழ்ப்பாணத்துக் கொக்குவிலில் இருந்து ஒரு தங்கச்சி கேட்டிருந்தார். வயது 34, உயரம் 157 சென்ரிமீற்றர், இரண்டு பிள்ளைகள், வங்கியில் கதிரையில் இருந்தபடியே செய்யும் வேலை. 82 கிலோவாக இருந்தவர் சோற்றை அடியோடு நிறுத்தி, இரவுக்கு ரின்னில் வரும் மாவைக் கரைத்துக் குடித்து, 7 மாதத்தில் 66க்கு வந்திருக்கிறார். 14 மாதம் கழித்து இப்போது 73. தைரொயிட் பார்த்தாயிற்று, அதில் ஒன்றுமில்லை. "எனக்கு மனக்கட்டுப்பாடு இல்லையா அக்கா, இல்லை உடம்பில் ஏதும் கோளாறா, அதே டயட்டைத் திரும்பத் தொடங்கவா, அந்த மா ரின் இன்னும் பாதி கிடக்குது எறியவா" என்று ஒரே மூச்சில் நான்கு கேள்வி.

நான் 19 வருடமாக நீரிழிவு கிளினிக்கில் தாதியாக நிற்கிறேன். அதைவிட முக்கியம், நானே ஒருமுறை 11 கிலோ குறைத்து, பிறகு 13 கிலோ ஏறினவள். அதனால் கொஞ்சம் நீட்டித்தான் எழுதப்போகிறேன், ஒரு தேத்தண்ணி எடுத்துக்கொண்டு வந்து இருங்கள். சீனியைப் பற்றிப் பிறகு கதைப்போம்.

முதலில் ஒரு கணக்கு. "ஏழு கிலோ ஏறிவிட்டது" என்று எழுதியிருக்கிறீர்கள். 82இல் இருந்து பார்த்தால் இன்னும் 9 கிலோ கீழே நிற்கிறீர்கள், அதாவது 11 சதவீதம். இது எவ்வளவு என்று விளங்க, அமெரிக்காவில் நடந்த ஒரு பெரிய ஆய்வைச் சொல்கிறேன், பெயர் லுக் அஹெட். இரண்டாம் வகை நீரிழிவு உள்ள 5,145 பேர். அதில் பாதிப் பேருக்கு உணவு ஆலோசகர், உடற்பயிற்சி, கிழமைக்குக் கிழமை வகுப்பு என்று சகல வசதியும் கொடுத்தார்கள். முதல் வருடத்தில் சராசரியாக 8.6 சதவீதம் குறைந்தது. எட்டாம் வருடம் பார்க்க, மிச்சம் நின்றது 4.7 சதவீதம். காசும் ஆளும் கொட்டி நடத்திய திட்டத்தின் சராசரியே அவ்வளவுதான். அவர்கள் எட்டு வருடம், நீங்கள் இரண்டு வருடம்கூட ஆகவில்லை, ஆகவே நேரே ஒப்பிட ஏலாது, சரி. ஆனால் தோற்றுப்போன ஆளாக உங்களை நினைக்க ஒரு நியாயமும் இல்லை. இன்னொன்று, நீரிழிவு வரும் நிலையில் இருந்தவர்களை வைத்து 2002இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வில், எடையில் 7 சதவீதம் குறைப்பதும் வாரம் 150 நிமிடம் நடப்பதும்தான் இலக்கு, அந்தக் குழுவில் நீரிழிவு வருவது 58 சதவீதம் குறைந்தது. எங்கள் ஊரில் வீட்டுக்கு ஒருவருக்குச் சீனி வருத்தம் என்கிற நிலையில், இந்த 9 கிலோவுக்கு நீங்கள் நினைக்கிறதைவிடப் பெறுமதி கூட.

ஆகவே என் பதில் தலைப்பில் இருப்பதுதான். 66க்குத் திரும்பப் போகிற வேலையை இப்போது தொடங்க வேண்டாம். 73இல் மூன்று நாலு மாதம் நின்று காட்டுங்கள். நிற்கப் பழகாமல் திரும்ப இறங்கினால் திரும்ப ஏறுவீர்கள், நான் ஏறினேன்.

மனக்கட்டுப்பாடு என்ற கேள்விக்கு வருவோம். எடை குறைந்தால் நாங்கள் சந்தோசப்படுகிறோம், உடம்பு அதைப் பஞ்சம் என்று எடுத்துக்கொள்கிறது. 2011இல் மெல்பேர்ண் ஆய்வாளர்கள் 50 பேரைப் பத்து வாரம் மிகக் குறைந்த கலோரி உணவில் வைத்தார்கள். பசியைத் தூண்டுகிற கிரெலின் கூடியது, போதும் என்று மூளைக்குச் சொல்கிற லெப்டின் குறைந்தது. இது எதிர்பார்த்ததுதான். ஒரு வருடம் கழித்துத் திரும்ப இரத்தம் எடுத்துப் பார்த்தபோதும் அவை பழைய நிலைக்கு வந்திருக்கவில்லை, ஆட்களும் பசி கூடத்தான் இருக்கிறது என்றார்கள். கெவின் ஹோல் என்ற அமெரிக்க ஆய்வாளரின் குழு போட்ட கணக்கின்படி, குறைந்த ஒவ்வொரு கிலோவுக்கும் உடம்பின் செலவு நாளொன்றுக்கு 20 முதல் 30 கலோரி குறைகிறது, சாப்பிடச் சொல்லும் இழுவை 100 கலோரி அளவில் கூடுகிறது. "எனக்கு மெட்டபோலிசம் ஸ்லோ" என்று எல்லோரும் சொல்வார்கள். அது உண்மைதான், ஆனால் அதைவிட மூன்று நாலு மடங்கு பலத்தோடு இழுக்கிறது பசி. அதுவும் வயிறு கடிக்கிற பசியாக வராது. இன்னும் அரைக் கரண்டி போடலாம் என்று தோன்றும், பிள்ளை மிச்சம் விட்ட புட்டைக் கொட்டுவானேன் என்று தோன்றும், அவ்வளவுதான்.

எனக்கு அது பணிஸாக வந்தது. இரவு வேலை முடிந்து விடிய வரும் வழியில் ஒரு பேக்கரி, அந்த நேரம்தான் தட்டு வெளியே எடுப்பார்கள். 11 கிலோ குறைப்பதற்கு முன்னும் அதே வழியால்தான் வந்தேன், அந்த மணம் ஒருநாளும் என்னை நிறுத்தியதில்லை. குறைத்த பிறகு நிறுத்தியது.

உங்கள் 7 கிலோவையும் பிரித்துப் பார்ப்போம். ஒரு கிலோ கொழுப்பு என்பது ஏறக்குறைய 7,700 கலோரி. 14 மாதத்தில் 7 கிலோ சேர்ந்தது என்றால் சராசரியாக நாளுக்கு 130 கலோரிக்குக் கிட்ட மிச்சம் பிடித்திருக்கிறது. ஒரு உளுந்து வடைக்கணக்கு. உடம்பு இதைவிடச் சிக்கலானது, கணக்கு இவ்வளவு நேராகப் போகாது, ஆனால் அளவு விளங்குகிறதல்லவா? பெருந்தீனி தின்று ஏறியதில்லை இது. நாளுக்கு ஒரு வடை அளவை எந்த மனக்கட்டுப்பாட்டாலும் கண்டுபிடிக்க ஏலாது, எழுதி வைத்தால்தான் தெரியும்.

இனி நீங்கள் செய்த டயட். கந்தசஷ்டிக்கு ஆறு நாளும் பாலும் பழமுமாக இருக்கிற ஆட்களைப் பார்த்திருப்பீர்கள், ஏழாம் நாள் பாறணை, அதாவது விரதம் முடித்துச் சாப்பிடுவது. விரதம் என்றால் பாறணை உண்டு, அது விரதத்தின் ஒரு பகுதி. நீங்கள் ஏழு மாதம் சோறு தொடாமல் இருந்தது டயட் இல்லைத் தங்கச்சி, விரதம். வீட்டில் மனிசனுக்கும் பிள்ளைகளுக்கும் சோறு கறி சமைத்துப் பரிமாறிவிட்டு நீங்கள் மாவைக் கரைத்துக் குடித்துக்கொண்டு எத்தனை வருடம் இருப்பீர்கள்? 66 வந்ததும் பாறணை தொடங்கியது, இன்னும் நடக்கிறது. சோறு சாப்பிட்டுக்கொண்டே எடையைக் காக்கிற வேலையை நீங்கள் ஒருநாளும் பழகவில்லை, ஏனென்றால் குறைக்கிற காலத்தில் சோறே இருக்கவில்லை. மூன்றாம் கேள்விக்குப் பதில் இதுதான், அதே டயட்டைத் திரும்பத் தொடங்க வேண்டாம்.

காக்கிற வேலைக்கு என்ன வேண்டும்? நான் பார்த்தவரை இரண்டு. ஏறுவதை ஒன்றரைக் கிலோவிலேயே காட்டிக்கொடுக்க ஒரு கோடு, அந்தக் கோட்டைத் தாண்டினால் யாருக்கு வாய் திறந்து சொல்வது என்று ஒரு ஆள். உணவு அதற்குப் பிறகுதான். டயட் சொல்லித்தர ஆயிரம் பேர் இருக்கிறார்கள், இந்த இரண்டையும் சொல்லித்தர ஆளில்லை.

கோட்டின் கதை. ரீனா விங் என்பவரின் குழு 2006இல் ஒரு ஆய்வை வெளியிட்டது. 314 பேர், எல்லோரும் அதற்கு முந்திய இரண்டு வருடத்துக்குள் உடல் எடையில் 10 சதவீதமாவது குறைத்தவர்கள், அதாவது உங்களைப் போன்றவர்கள். அவர்களுக்குக் குறைக்கச் சொல்லிக்கொடுக்கவில்லை, நிற்கச் சொல்லிக்கொடுத்தார்கள். ஒவ்வொரு நாளும் தராசில் ஏறு. தொடங்கிய எடைக்குக் கிட்ட நின்றால் பச்சை. ஒன்றரைக் கிலோ அளவில் ஏறினால் மஞ்சள், என்ன மாறியது என்று பார்த்து அதைத் திருத்து. 2.3 கிலோ ஏறினால் சிவப்பு, உதவி கேள். ஒன்றரை வருடம் கழித்துப் பார்த்தால், காலாண்டுக்கு ஒருமுறை மடல் மட்டும் அனுப்பிய குழுவில் 72 சதவீதமானோர் 2.3 கிலோவோ அதற்கு மேலோ ஏறியிருந்தார்கள், இணையம் வழியாகப் பயிற்சி பெற்றவர்களில் 55, நேரே சந்தித்துக் கதைத்த குழுவில் 46. நேரே சந்தித்தும் ஏறக்குறைய பாதிப் பேர் ஏறினார்கள் என்பதையும் கவனியுங்கள், மந்திரம் ஒன்றும் கிடையாது. ஆனால் 72க்கும் 46க்கும் உள்ள தூரம் சின்னதில்லை.

என் வீட்டில் இது எப்படி நடக்கிறது என்றால், குசினிச் சுவரில் நகைக்கடைக் கலண்டர் தொங்குகிறது. அதில் காஸ் மாற்றிய திகதி இருக்கும், சீட்டுக்காசு கட்டிய திகதி இருக்கும், அந்தக் கட்டத்தின் மூலையில் பென்சிலால் என் எடையும் இருக்கும். காலையில் முகம் கழுவி, தேத்தண்ணிக்கு முன், ஒரே மாதிரி உடுப்போடு. மாதம் திரும்பும்போது தாளைக் கிழிக்காமல் பின்னால் மடித்துவிடுவேன். ஒருநாள் என் மகன் 64.2 என்று எழுதியிருந்ததைப் பார்த்துவிட்டு "அம்மா இது வெங்காய விலையா" என்று கேட்டான், அதோடு வீட்டில் எல்லோருக்கும் தெரியும், ஒளிக்க ஒன்றுமில்லை.

உங்களுக்கு 73 பச்சை, 74.5 மஞ்சள், 75 தாண்டினால் சிவப்பு. ஒருநாள் எண்ணைப் பார்த்துப் பதறக்கூடாது. கருவாட்டுக் கறியோ உப்புக் கூடின மிக்சரோ சாப்பிட்ட அடுத்த நாள் தண்ணீர் பிடித்து ஒரு கிலோ கூடக் காட்டும். மாதவிடாய்க்கு முந்திய நாட்களிலும் அப்படித்தான். ஆகவே ஏழு நாளைக் கூட்டி ஏழால் பிரியுங்கள், வங்கியில் வேலை செய்கிறவருக்கு நான் கணக்குச் சொல்லித்தரத் தேவையில்லை. மாதத்துக்கு ஒருக்கால் இடுப்பையும் அளவுநாடாவால் பாருங்கள், எங்கள் இனத்துப் பெண்களுக்கு 80 சென்ரிமீற்றருக்கு மேல் போனால் கவனம் என்பதுதான் கணக்கு. ஒரு விலக்கு உண்டு. தராசைப் பார்த்தால் அன்று முழுக்கச் சாப்பிடாமல் விடுவது, இரவில் ஆளில்லாத நேரம் அடக்க முடியாமல் சாப்பிட்டுவிட்டு அழுவது, சாப்பிட்டதை வாந்தியெடுப்பது, இதில் ஏதும் இருந்தால் நாளாந்த நிறுவை உங்களுக்கு இல்லை, முதலில் டொக்டரிடம் அதைச் சொல்லுங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை, கிளினிக்கில் நாங்கள் அடிக்கடி கேட்கிற கதை.

அடுத்தது ஆள். 2008இல் வெளிவந்த இன்னொரு அமெரிக்க ஆய்வு, எடை குறைத்த 1,032 பேரை 30 மாதம் பின்தொடர்ந்தது. மாதம் ஒருமுறை ஒருவர் போன் எடுத்து ஐந்து முதல் பதினைந்து நிமிடம் கதைப்பார், இடையிடையே நேரே சந்திப்பார். அப்படிக் கதைக்கப்பட்டவர்கள் 4 கிலோ திரும்ப ஏறினார்கள், தங்கள் பாட்டில் விடப்பட்டவர்கள் ஐந்தரைக் கிலோ. வித்தியாசம் ஒன்றரைக் கிலோதான், பெரிதாகத் தெரியாது, ஆனால் மாதம் ஒரு போன் கோலுக்கு அது மலிவு.

அந்த ஆள் யார்? உங்கள் மனிசனாக இருக்க வேண்டாம் என்று சொல்வேன். சண்டை வரும். கோப்பையைப் பார்த்து "இது எத்தனையாவது இடியப்பம்" என்று கேட்கிற ஆள் துணை இல்லை, பொலிஸ். எங்கள் ஒழுங்கையில் நாங்கள் நாலு பெண்கள் ஒரு வட்ஸ்அப் குழு வைத்திருக்கிறோம், ஞாயிறு காலை ஏழு மணிக்குமுன் ஆளுக்கு ஒரு எண் போட வேண்டும், வேறு கதை இல்லை, புத்திமதி இல்லை, பூப்படம் இல்லை. எண் வராவிட்டால் எட்டு மணிக்கு ஒருவர் மற்றவர் வீட்டுப் படலையில் நிற்பார். எண் போடாத ஞாயிறுதான் ஏறின ஞாயிறு, இது நாலு பேருக்கும் தெரியும். அரசாங்க வைத்தியசாலைகளிலும் 35 வயது தாண்டியவர்களுக்கு எடை, இடுப்பு, பிறசர், இரத்தச் சீனி எல்லாம் இலவசமாகப் பார்த்து ஆலோசனை சொல்கிற ஆரோக்கிய வாழ்வுக்கான பகுதி இருக்கிறது. அடுத்த வருடம் உங்களுக்கு 35, போங்கள், போய் ஒரு கொப்பியைத் தொடங்கிவிட்டு வாருங்கள். உங்களைத் தெரியாத ஒருவரிடம் எண்ணைச் சொல்வது சிலவேளை லேசு.

இப்போது குசினி. சோறு சாப்பிடலாமா என்றால், சாப்பிடுங்கள், அளந்து சாப்பிடுங்கள். நான் ஒருநாள் வழமையாகப் போடுவது போலவே கோப்பையில் சோறு போட்டுவிட்டு, அதைத் திரும்பத் தேத்தண்ணி கப்பால் அள்ளி அளந்தேன். நான்கரைக் கப். ஒரு கப் சோறு 200 கலோரிக்குக் கிட்ட, கறி தொடமுன்னரே 900. நான் சொல்லியிருந்தால் இரண்டு கப் என்று சத்தியம் பண்ணியிருப்பேன். இப்போது சோற்றுப் பானைக்குள் அகப்பை இல்லை, கப் தான் கிடக்கிறது, மத்தியானம் ஒன்றரை. மொட்டைக்கறுப்பன் அரிசி கிடைத்தால் நல்லது, தவிடு இருப்பதால் மெதுவாகச் சமிக்கும், ஆனால் சிவப்பரிசி என்று நான்கு கப் போட்டால் அதுவும் 800தான். குத்தரிசிக்கு மாறினேன், எடை குறையவில்லை என்று வருகிறவர்களின் கதை பெரும்பாலும் இது.

கோப்பையில் சோறு குறைந்த இடத்தை எதனால் நிரப்புவது என்பதில்தான் நாங்கள் பிழைவிடுகிறோம். ஐரோப்பாவின் எட்டு நாடுகளில் எடை குறைத்தவர்களை வைத்து நடத்தி 2010இல் வெளியிட்ட ஆய்வில், புரதம் கொஞ்சம் கூடவும் மாச்சத்து மெதுவாகச் சமிக்கிறதாகவும் சாப்பிட்டவர்கள் நன்றாக நின்றார்கள். இதை எங்கள் பாசைக்கு மாற்றினால் மீன். விளமீனும் பாரையும் வாங்கக் காசு காணாதென்றால் சூடை இருக்கிறது, கீரி இருக்கிறது, பொரிக்காமல் குழம்பாகவோ தீயலாகவோ வையுங்கள். சுறா வறை என்பது எடை காக்கிற ஆளுக்கென்றே கண்டுபிடித்த சாப்பாடு, தேங்காய்ப்பூவை மட்டும் கையை இறுக்கிப் போட வேண்டும். முட்டை, அவித்த கௌபி, கடலை, பயறு. முருங்கை இலை வறையோ வல்லாரைச் சம்பலோ ஒவ்வொரு நாளும் ஒன்று. இரவுப் புட்டு என்றால் வெறும் கோதுமை மாப் புட்டைவிட ஒடியல் மாவோ குரக்கனோ கலந்தது வயிற்றில் கனநேரம் நிற்கும். சொதிக்கு முதற்பால் வேண்டாம், இரண்டாம் பால் காணும். தேங்காய் எண்ணெயும் நல்லெண்ணெயும் ஒலிவ் எண்ணெயும் கலோரியில் ஒன்றுதான், ஒரு மேசைக்கரண்டி 120 கலோரி. இதில் நாட்டுப்பற்றும் வேண்டாம், வெளிநாட்டு மோகமும் வேண்டாம்.

தேத்தண்ணி. நாளுக்கு நாலு தரம், தரத்துக்கு மூன்று கரண்டி சீனி என்று வைப்போம். ஒரு கரண்டி 5 கிராம் என்றால் 60 கிராம், 240 கலோரி, மாதத்துக்கு ஒரு கிலோ 800 கிராம் சீனி நீங்கள் ஒருவரே குடிக்கிறீர்கள். மேலே சொன்ன 130 கலோரியை வேறெங்கும் தேட வேண்டாம். மூன்றை ஒரேநாளில் சைபர் ஆக்கினால் நாலாம் நாள் விட்டுவிடுவீர்கள். அரைக் கரண்டி குறைத்து இரண்டு கிழமை, பிறகு இன்னொரு அரை. நாக்குப் பழகிவிடும், எனக்கு மூன்று மாதம் எடுத்தது, இப்போது வேறு வீட்டில் சீனித் தேத்தண்ணி தந்தால் பாணி மாதிரி இருக்கிறது. பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு பிளேன்டீ குடிக்கிறவர்கள் பனங்கட்டியில் கலோரி இல்லை என்று நினைக்கக்கூடாது, ஆனால் ஒரு சின்னத் துண்டோடு ஒரு கப் முடியும் என்றால் மூன்று கரண்டி சீனியைவிடக் குறைவுதான்.

இனிக் கொண்டாட்டங்கள், எங்கள் ஊரில் எடை ஏறுகிற இடம் இதுதான். ஆடிப்பிறப்புக் கூழும் கொழுக்கட்டையும் முடியமுன் நல்லூர்க் கந்தன் கோயிலில் திருவிழாக் கொடி ஏறும். 25 நாளும் வீட்டில் மரக்கறி. மரக்கறி என்றால் எடை குறையும் என்று எல்லோரும் நினைக்க, என் கலண்டரில் அந்த மாதம்தான் ஏற்றம். மீனும் முட்டையும் போய்விடும், அந்த இடத்துக்கு உருளைக்கிழங்குப் பொரியல், வாழைக்காய்ப் பொரியல், அப்பளம், பாயசம், வடை வந்துவிடும். பின்னேரம் கோயில் வீதியில் கச்சான், அங்கே நிற்கும்போது பிள்ளைகளுக்கு ஐஸ்கிரீம், பிள்ளை மிச்சம் விட்டது எனக்கு. அந்தக் காலத்தில் பருப்பையும் கடலையும் சோயாமீற்றையும் வேண்டுமென்றே கூட்டினால் பாதிப் பிரச்சினை தீரும். நல்ல பக்கமும் உண்டு, ஆரியகுளத்தில் இருந்து கோயிலுக்கு நடந்தே போய் வீதி சுற்றி நடந்தே வருகிற ஆட்கள் அந்த மாதம் நடக்கிற நடை வருடத்தில் வேறெந்த மாதமும் இல்லை.

அதே ஆவணியில்தான் கனடாவில் இருந்தும் சுவிஸில் இருந்தும் ஆட்கள் வருவார்கள். சொக்லேற் பெட்டி குளிர்சாதனப்பெட்டியின் கதவில் வந்து இருக்கும், பிறகு விருந்து, பிறகு திருப்பி விருந்து. செத்தவீட்டு எட்டுச்செலவுப் பலகாரம் ஓலைப்பெட்டியில் வீடு தேடி வரும், முறுக்கும் வடையும் பயத்தம் பணியாரமும், வேண்டாம் என்று சொல்லுகிற காரியமா அது? நான் செய்வது ஒன்றுதான். வந்த அன்றே ஆளுக்கு ஒன்று எடுத்துச் சாப்பிட்டுவிட்டு மிச்சத்தை அன்றைக்கே பிரித்து அயல்வீடுகளுக்கும் வேலைத்தலத்துக்கும் கொடுத்துவிடுவேன். ரின்னில் போட்டுக் குசினித் தட்டில் வைத்தால் அது என்னோடு கதைக்கும்.

பந்தியில் ஒரு தந்திரம். வெறும் கோப்பையைக் கண்டால் பரிமாறுகிற பெடியன் விடமாட்டான், அவனுக்கு அதுதான் வேலை. ஆகவே சோற்றை ஓர் ஓரத்தில் கொஞ்சம் மிச்சம் வைத்துக்கொண்டு கறியையும் சம்பலையும் மெதுவாகச் சாப்பிடுங்கள், கோப்பை நிறைந்த மாதிரியே கிடக்கும். அதைவிடக் கஷ்டம் மாமிமார். "என்ன பிள்ளை இப்பிடி வத்திப்போனாய், சீனி வருத்தமோ" என்ற கேள்வி உங்களுக்கும் வந்திருக்கும். 66இல் இருந்தபோது இந்தக் கேள்வியைக் கேட்டுக் கேட்டே பாதி ஏறினீர்கள் என்றால் நான் ஆச்சரியப்படமாட்டேன். எங்களுக்கு மெலிவு என்றால் வருத்தம் அல்லது கவலை, இடம்பெயர்ந்து பட்டினி கிடந்த சனத்துக்கு அப்படித்தான் தெரியும், அவர்களில் பிழை சொல்ல ஏலாது. "டொக்டர் சொன்னவர் மாமி" என்று ஒரு வசனம் வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு மேல் யாரும் தர்க்கம் பண்ணுவதில்லை.

நடை பற்றிச் சுருக்கமாக. குறைப்பதற்கு நடை பெரிதாக உதவாது, காப்பதற்கு உதவும். அமெரிக்காவில் 13.6 கிலோவாவது குறைத்து ஒரு வருடமாவது காத்தவர்களின் பதிவேடு ஒன்று 1994இல் தொடங்கி நடக்கிறது, பத்தாயிரம் பேருக்கு மேல். அதில் 90 சதவீதமானோர் சராசரியாக நாளுக்கு ஒரு மணித்தியாலம் ஏதோவொரு வகையில் உடம்பை அசைக்கிறார்கள், 75 சதவீதமானோர் கிழமைக்கு ஒருமுறையாவது தராசில் ஏறுகிறார்கள். தாங்களாக முன்வந்து பதிந்தவர்கள் என்பதால் எல்லோருக்கும் இது பொருந்தும் என்று சொல்ல மாட்டேன். அவர்களிடம் கண்ட இன்னொரு விசயம் உங்களுக்கு ஆறுதலாக இருக்கும்: இரண்டு முதல் ஐந்து வருடம் காத்துவிட்டால் பிறகு ஏறுகிற ஆபத்து நன்றாகக் குறைகிறது.

ஒரு மணித்தியாலத்துக்கு எங்கே போவது? பண்ணைக் கடற்கரையில் பின்னேரம் நடக்கிறவர்கள் நடக்கட்டும், இரண்டு பிள்ளைகளோடு உங்களுக்கு அது வாரம் ஒருநாள் கூட அமையாது. கொக்குவிலில் இருந்து ரவுணுக்கு ஸ்கூட்டியில் போகிறீர்கள் என்று நினைக்கிறேன். யாழ்ப்பாணம் சைக்கிள் ஊர், எங்கள் அம்மா அறுபது வயதிலும் சைக்கிளில் சந்தைக்குப் போய் வந்தவ. 2022இல் பெற்றோல் இல்லாமல் போனபோது நாங்கள் எல்லோரும் பழைய சைக்கிளைத் தூசி தட்டி எடுத்தோம், நினைவிருக்கும், வரிசை முடிந்ததும் திரும்பச் சுவரில் சாய்த்துவிட்டோம். வேலைக்குப் போய்வர சைக்கிள் என்றால் உடற்பயிற்சிக்கென்று தனியாக மினக்கெடத் தேவையில்லை. வெயிலும் சேலையும் தடை என்றால் கிழமையில் இரண்டு நாள் மட்டும். நித்திரையும் முக்கியம், ஐந்து மணித்தியாலம் படுத்த அடுத்தநாள் பசி கூடத்தான் இருக்கும், ஆனால் சின்னப் பிள்ளைகள் உள்ள வீட்டில் அதைச் சொல்லி என்ன பயன்.

நீங்கள் கேட்காத ஒன்று, ஊசி. எடை குறைக்கிற செமக்ளூற்றைட் ஊசி போடலாமா என்று கிளினிக்கில் இப்போது கேட்கிறார்கள். வேலை செய்கிற மருந்துதான், ஆனால் நிறுத்தி ஒரு வருடத்தில் குறைந்ததில் மூன்றில் இரண்டு பங்கு திரும்ப வந்ததைப் பெரிய ஆய்வு ஒன்று காட்டியது. பிறசருக்குக் குளிசை போல, தொடர்ந்து போட்டால்தான். யாருக்கு வேண்டும் என்பதை டொக்டர் தீர்மானிக்க வேண்டும். இன்னொரு எச்சரிக்கை, இதை வாசிக்கிற சலரோகக்காரர்களுக்கு: இன்சுலினோ கிளிக்கிளசைட் போன்ற குளிசையோ எடுப்பவர்கள் சோற்றைக் குறைக்கமுன் டொக்டரிடம் கேளுங்கள், சீனி ஒரேயடியாக இறங்கி மயங்கி விழுந்தவர்களை நான் தூக்கியிருக்கிறேன்.

மஞ்சளுக்கு வந்தால் என்ன செய்வது என்று இப்போதே எழுதி வையுங்கள், வந்த பிறகு யோசிக்க மனம் இடம் தராது. என்னுடையது கலண்டரின் பின்பக்கத்தில் இருக்கிறது: ஒரு கிழமைக்குப் பொரித்தது இல்லை, தேத்தண்ணிக்குச் சீனி இல்லை, இரவு இடியப்பம் ஐந்துக்குப் பதில் மூன்று, பின்னேரம் இருபது நிமிடம் ஒழுங்கையில் நடை. அவ்வளவுதான், பட்டினி இல்லை. ஒரு கல்யாண வீட்டில் அடித்துச் சாப்பிட்டால் அடுத்தநாள் பட்டினி கிடந்து கழிக்கப் பார்க்காதீர்கள், அடுத்த வேளை வழமையான ஒன்றரைக் கப். ஒரு நாளால் யாரும் ஏழு கிலோ ஏறியதில்லை. "எல்லாம் போச்சு, இனித் திங்கட்கிழமை பார்ப்பம்" என்று விடுகிற அந்த நாலைந்து நாளில்தான் ஏறுகிறது.

கடைசிக் கேள்வி, மா ரின். எறிய வேண்டாம், காசு கொடுத்து வாங்கியது. காலாவதித் திகதியைப் பாருங்கள், இருந்தால் காலைச் சாப்பாடு தவறிப்போகிற நாளில் ஒரு கரண்டி கரைத்துக் குடியுங்கள், பணிஸைவிடப் பரவாயில்லை. முடிந்த பிறகு புதிது வாங்க வேண்டாம், அந்தக் காசுக்கு ஒரு டிஜிற்றல் தராசு வாங்கலாம். வாங்கினால் சீமெந்துத் தரையில் வையுங்கள், மெத்தைப் பாயில் வைத்தால் பிழையாகக் காட்டும்.